பட்டத்திற்குப் பின் என்ன? – அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவ வரலாறு

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் சமுதாயத்து இளைஞரும் நங்கையரும் கல்லூரிகளில் பயில்வதைக் கண்டு பெரியோர் உள்ளம் பூரிக்கின்றது. பள்ளிக்கூடத்தின் உள்ளே அமரவும் இடம் மறுக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்தின் வழித்தோன்றல்கள் இன்று பட்டமளிப்பு விழா மேடையில் ஏறி நிற்கின்றனர். இம்மகிழ்ச்சிக்கிடையே ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு வினா எழக் காண்கிறோம். “பிள்ளை படித்து முடித்துவிட்டது, இனி என்ன செய்வது?” என்பதே அவ்வினா. கல்லூரியில் கழிகின்ற ஆண்டுகள் முழுவதும் எவரும் இதனைக் கேட்பதில்லை. சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் கேட்கத் தொடங்குகின்றோம். விடை தேடுவதற்குள் ஓராண்டு, ஈராண்டு ஓடிவிடுகின்றது.

இவ்வினாவுக்கு விடை காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. அண்ணல் அம்பேத்கரின் வரலாறு நம் கையில் இருக்கின்றது. ஆயினும் அவ்வரலாற்றை நாம் கூறும் முறையில் ஒரு குறை உண்டு. எம்.ஏ., எம்.எஸ்ஸி., பிஎச்.டி., டி.எஸ்ஸி., பார்-அட்-லா என அவர் பெற்ற பட்டங்களை மேடைதோறும் வரிசையாகச் சொல்லிக் கைதட்டல் பெறுகின்றோம். அவ்வரிசையைக் கேட்கும் இளைஞர், பட்டங்கள் அவரைத் தேடி ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன என்றே எண்ணிக்கொள்கின்றனர். ஒரு பட்டத்திற்கும் மறு பட்டத்திற்கும் இடையில் என்ன நிகழ்ந்தது என்பதை எவரும் சொல்வதில்லை. 1912ஆம் ஆண்டு பி.ஏ. தேறிய அவர், 1923ஆம் ஆண்டுதான் பம்பாயில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். இடைப்பட்ட அப்பதினோர் ஆண்டுகளின் கதையே நம் இளைஞருக்கு வேண்டுவது. அதனை முறையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்பின்ஸ்டன் கல்லூரி நாட்கள்

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் என்னும் படைமுகாம் ஊரில் பிறந்த பீமராவின் தந்தை ராம்ஜி சக்பால், படைப்பிரிவுப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற சுபேதார் ஆவார். குடும்பம் பம்பாயில் குடியேறியபோது, தொழிலாளர் வாழும் பகுதியில் ஒரே அறைதான் அவர்களுக்கு வாய்த்தது. சமையலும் படுக்கையும் படிப்பும் அவ்வோர் அறைக்குள்ளேயே நடைபெற்றன. மகன் மாலையில் சற்று உறங்கட்டும் என்று விட்டுவிட்டு, ஊர் அடங்கிய இரவு இரண்டு மணிக்குத் தந்தை அவரை எழுப்பிப் படிக்க வைத்தார் என அவர்தம் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். மகன் கேட்ட நூலை வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற தம் பெண்மக்களின் நகையைக் கேட்டுப் பெற்று அடகு வைத்தும் அத்தந்தை நூல் வாங்கித் தந்தார்.

1907ஆம் ஆண்டு பீமராவ் மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். அவர் பெற்ற மதிப்பெண் எவ்வளவு என்பதை நம் மாணவர் மனத்தில் பதித்துக்கொள்ளல் வேண்டும். 750க்கு 282. நூற்றுக்கு நாற்பதுகூட இல்லை. வடமொழி பயில விரும்பியவருக்கு அது மறுக்கப்பட்டமையால், அதற்கு ஈடாகப் பாரசீகம் பயில வேண்டிய நிலையும் பள்ளியில் ஏற்பட்டிருந்தது. எனினும் மகர் சமூகத்துப் பிள்ளை ஒருவர் மெட்ரிக் தேறுவதே அரிதாயிருந்த காலம் அது. ஆகவே எஸ்.கே. போலே தலைமையில் பாராட்டுக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலூஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அக்கூட்டத்தில் பரிசளித்தார். அவ்வாசிரியர் நூலோடு நின்றுவிடவில்லை. தந்தையாரால் கல்லூரிச் செலவைத் தாங்க முடியாத நிலை வந்தபோது, அம்மாணவரைப் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துச் சென்றார். மன்னர் சில வினாக்கள் கேட்டு, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்க இசைந்தார்.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவருடைய வாழ்வு இனிமையாக இருந்ததெனக் கூற இயலாது. கல்லூரியில் உணவு விடுதி நடத்தியவர் அவருக்குத் தேநீரும் தண்ணீரும் தர மறுத்தார். அதே கல்லூரியில் முல்லர் என்னும் பேராசிரியர் அவருக்கு நூல்களும் உடைகளும் கொடுத்து உதவினார். ஒரே வளாகத்தினுள் தாகத்திற்குத் தண்ணீர் மறுத்த கையும் இருந்தது, நூல் நீட்டிய கையும் இருந்தது. தமக்கு உதவ முன்வந்தோரின் துணையைப் பற்றிக்கொண்டு படிப்பில் முன்னேறினார் அண்ணல். 1912ஆம் ஆண்டு பி.ஏ. தேறினார்.

பட்டம் வந்தது, தந்தை மறைந்தார்

உதவித்தொகை கொடுத்த பரோடா அரசில் பணியாற்றுவதே கடமை எனக் கருதி, 1913ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் அங்குச் சென்று படைப்பிரிவில் சேர்ந்தார். சில நாட்களுக்குள்ளாகவே தந்தை நோயுற்றார் என்னும் தந்தி வந்தது. அவர் பம்பாய் திரும்பிய நிலையில், 1913 பிப்ரவரி 2ஆம் நாள் ராம்ஜி சக்பால் மறைந்தார். இல்லத்தில் மனைவி ரமாபாய். சில வாரங்களுக்கு முன் பிறந்த மகன். வேறு வருவாய் இல்லை. நம் வீடுகளில் இத்தகைய நிலை வந்தால், “கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்” என்றே உற்றாரும் ஊராரும் கூறியிருப்பர். அவ்வாறு கூறுவோரையும் நாம் பழித்தல் ஆகாது. பசி அறிந்தவர்கள் கூறும் சொல் அது.

ஆனால் அவ்வாண்டில் பரோடா மன்னர் சில மாணவரை உயர்கல்விக்காக அமெரிக்கா அனுப்ப எண்ணியிருந்தார். அதனை அறிந்து அண்ணல் விண்ணப்பித்தார், தேர்ந்தெடுக்கப்பட்டார். 1913 ஜூன் 4ஆம் நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டு உதவித்தொகை. படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டு பணி. இவையே ஒப்பந்தத்தின் கூறுகள். ஆகவே அவர் கப்பலேறும்போதே, படிக்கும் காலத்திற்கு எல்லை உண்டு என்பதையும், படிப்பிற்குப் பின் ஆற்ற வேண்டிய பணி இன்னது என்பதையும் அறிந்திருந்தார்.

கொலம்பியாவில் மூன்றாண்டுகள்

1913 ஜூலைத் திங்களில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தபோது அவருக்கு வயது 22. அங்கே உணவு விடுதியில் அவரிடம் எவரும் சாதி கேட்கவில்லை. வகுப்பறையில் எல்லாருடனும் ஒரே வரிசையில் அமர்ந்தார். பிறந்தது முதல் அறியாத இச்சமத்துவத்தைச் சுவைத்து மகிழ்ந்தபடியே மூன்றாண்டுகளையும் கழித்திருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்து ஏடுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சிலும் ஜெர்மானியத்திலும் தொடக்கநிலைப் பாடம் ஒவ்வொன்று என, அறுபது பாடங்களில் அவர் அமர்ந்து கேட்டார். ஒரு பட்டத்திற்கு வேண்டிய அளவினும் இது மிக மிகுதி. அவ்வாய்ப்பு மீண்டும் வாராது என்பதை உணர்ந்த ஒருவரே இவ்வாறு வாரி எடுத்துக்கொள்வார்.

பொருளியலில் எட்வின் செலிக்மன், தத்துவத்தில் ஜான் டூயி, மானிடவியலில் கோல்டன்வைசர் ஆகிய பேரறிஞரிடம் அவர் பயின்றார். 1915ஆம் ஆண்டு பண்டைய இந்திய வாணிகம் பற்றிய ஆய்வுரைக்கு எம்.ஏ. பட்டம் கிடைத்தது. 1916 மே 9ஆம் நாள், கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்னும் கட்டுரையைப் படித்தார். தம்மையும் தம் மக்களையும் ஒடுக்கிய அமைப்பினை, கண்ணீரும் முறையீடும் இன்றி, அதன் தோற்றமும் இயக்கமும் ஆராய்ந்து அறிஞர் அவையில் நிறுத்தினார். அப்போது அவர் இருபத்தைந்து வயது நிரம்பிய மாணவரே. தாம் பட்ட துன்பத்தைத் தம் பாடமாகவே ஆக்கிக்கொண்ட திறம் இது.

அந்நாட்களில் லாலா லஜபதிராய் நியூயார்க்கில் தங்கி இந்திய விடுதலைக்காக உழைத்து வந்தார். அண்ணலுக்கு அவருடன் பழக்கம் ஏற்பட்டது. எனினும் படிப்பு முடியும் வரை அரசியற் பணியில் இறங்குவதில்லை என்னும் முடிவில் அண்ணல் உறுதியாக நின்றார். பின்னாளில் அவரினும் மிகுதியாகப் பொதுவாழ்வில் உழைத்தவர் எவருமிலர். ஆயினும் எதற்கு எக்காலம் உரியது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வளாகத்து இயக்கங்களில் ஈடுபடும் நம் மாணவர் இதனைச் சிந்தித்தல் நன்று. இயக்கம் வேண்டாவென நான் கூறவில்லை. தேர்வையும் நூலையும் கைவிட்ட இயக்கத்தால் நம் மக்களுக்குப் பயன் சிறிதே என்பதே என் கருத்து.

உதவித்தொகையாகக் கிடைத்த சிறு பணத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்திற்கு அனுப்பினார். எஞ்சியதில் உணவைக் குறைத்துப் பழைய புத்தகக் கடைகளில் நூல்களை வாங்கிச் சேர்த்தார். அவ்வாறு சேர்ந்தவை ஏறத்தாழ இரண்டாயிரம் என்பர்.

முற்றுப்பெறாத படிப்பு

1916ஆம் ஆண்டு அவர் இலண்டன் சென்றார். அங்கு இலண்டன் பொருளியற் பள்ளியில் ஆய்வு மாணவராகவும், கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் பாரிஸ்டர் படிப்பு மாணவராகவும் பதிவு செய்துகொண்டார். பொருளியலும் சட்டமும் ஒருசேர எனத் திட்டம் விரிந்தது. ஆனால் பரோடாவின் உதவித்தொகைக் காலம் முடிந்து, திரும்பி வருமாறு அழைப்பு வந்தது. இரண்டு படிப்புகளும் பாதியில் நின்றன.

இவ்விடத்தில் அவர் செய்த ஒரு செயலை நாம் கூர்ந்து நோக்கல் வேண்டும். மனம் சோர்ந்து அப்படியே கப்பலேறிவிடவில்லை. பேராசிரியர் எட்வின் கேனனின் துணையுடன், 1917 அக்டோபர் முதல் நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்ட பின்னரே இந்தியா புறப்பட்டார். கதவு மூடும் நேரத்தில் அதனைத் தாழிடாமல் வைத்துவிட்டு வந்தார் எனலாம். இந்த ஓர் அனுமதி இல்லையாயின் பின்னாளைய எம்.எஸ்ஸி.யும் டி.எஸ்ஸி.யும் அவருக்கு எட்டாமலே போயிருக்கக்கூடும்.

அது முதல் உலகப்போர்க் காலம். அவர்தம் நூல்களை ஏற்றி வந்த கப்பல் பகைவரின் தாக்குதலால் கடலில் மூழ்கியது. பட்டினி கிடந்து வாங்கிய நூல்கள் பல அழிந்தன. அதற்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணமே அவர் பரோடா செல்லும் செலவிற்குப் பயன்பட்டது.

பரோடாவில் பதினொரு நாட்கள்

1917 செப்டம்பரில், ஒப்பந்தத்தை மதித்து அவர் பரோடா சென்றார். உலகின் சிறந்த பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ. பட்டம் பெற்று, அரசின் அழைப்பின் பேரில் உயர்பணி ஏற்க வந்தவர் அவர். ஆயினும் நகரத்தில் எந்த இந்து விடுதியும் அவருக்கு இடம் தாராது. பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் தங்கினார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் அவர்தம் கையில் படாமல் கோப்புகளைத் தூக்கி எறிந்தனர், குடிதண்ணீரும் கிடைக்கவில்லை. பதினோராம் நாள் காலை, தடி ஏந்திய பார்சியர் பன்னிருவர் விடுதிக்கு வந்து, அன்று மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டினர். நண்பர்களின் கதவைத் தட்டிப் பார்த்தார். அவர்கள் இல்லத்திலும் இடமில்லை. பொதுப்பூங்கா ஒன்றில் அமர்ந்து, இரவு வண்டி வரும் வரை காத்திருந்து பம்பாய் திரும்பினார். தம் வாழ்நாள் முழுதும் இந்நிகழ்ச்சியை அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் தாமே அதனை எழுதியும் வைத்தார்.

‘படித்துவிட்டால் எல்லாம் மாறிவிடும்’ என்று நாம் பிள்ளைகளிடம் கூறுகின்றோம். கூறத்தான் வேண்டும். ஆனால் கொலம்பியாப் பட்டம் ஓர் இரவுத் தங்கலுக்கும் உதவாத நாள் ஒன்று அண்ணலின் வாழ்விலேயே வந்தது என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் நலம். அறிந்திருப்பவர் அத்தகைய நாள் தமக்கு வரும்போது நிலைகுலையார். சான்றிதழ் பெற்றதும் சமூகம் வழிவிட்டு ஒதுங்கும் என எதிர்பார்த்துச் செல்பவர் முதல் அவமதிப்பிலேயே மனம் உடைவர்.

இடைப்பட்ட மூன்றாண்டுகள்

பம்பாய் திரும்பிய அண்ணலிடம் வேலையும் இல்லை, பணமும் இல்லை. இலண்டன் அனுமதியின் நான்காண்டுக் கெடுவோ ஓடிக்கொண்டிருந்தது. மாணவருக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தார். பங்கு வணிகம் செய்வோருக்கு ஆலோசனை கூறும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசனை கூறுபவர் தீண்டப்படாதவர் என்பது தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது, நிலையமும் மூடப்பட்டது. 1918 நவம்பரில், பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆசிரியர் பொது அறையில் இருந்த குடத்தில் அவர் நீர் எடுப்பதற்கு உடன் பணியாற்றியோர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். எனினும் வகுப்பில் அவருடைய பாடத்தைக் கேட்க மாணவர் விரும்பி வந்தனர்.

450 ரூபாய் சம்பளக்காரர் பெரிய வீட்டிற்குக் குடிபெயர்வதே உலக வழக்கம். அண்ணலோ பரேல் பகுதித் தொழிலாளர் குடியிருப்பில் முன்போலவே இரண்டு அறைகளில் வாழ்ந்தார். குடும்பத்திற்கு வேண்டிய அளவை மட்டும் ரமாபாயிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தை இலண்டனுக்கெனச் சேர்த்தார். இவ்விடைக்காலத்திலேயே, 1919இல் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழுவின் முன் தாழ்த்தப்பட்டோர் சார்பாகச் சான்றுரைத்தார். 1920 ஜனவரி 31இல் ‘மூக்நாயக்’ என்னும் இதழைத் தொடங்கினார். எனினும் உரிய நேரம் வந்ததும், 1920 மார்ச்சில் நிலையான பேராசிரியர் பணியை விட்டு விலகினார்.

மீண்டும் இலண்டன்

1920 ஜூலையில் அவர் புறப்பட்டபோது கையிலிருந்தவை மூன்று: தாம் சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராசர் செய்த உதவி, கொலம்பியாவில் உடன் தங்கிய பார்சி நண்பர் நவல் பதேனா கொடுத்த 5,000 ரூபாய்க் கடன். பார்சியர் சிலர் தடி ஏந்தி விரட்டியதையும், பார்சி நண்பர் ஒருவர் பணம் கொடுத்து அனுப்பியதையும் நாம் சேர்த்தே நினைவில் வைத்தல் வேண்டும். ஒரு சமூகத்தார் அனைவரையும் ஒரே நிறையால் எடை போடுவது சாதி கற்பித்த பழக்கம். அதனை நாமும் கைக்கொள்ளலாகாது.

இலண்டனில் அவர் வாழ்ந்த வாழ்வு துறவியின் வாழ்வு. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் சிறிது மீனும் ஒரு குவளைச் சூடான பானமும். பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும் நேரத்திற்குச் சென்று, மூடும் நேரம் வரை இருக்கையை விட்டு எழாமல் படிப்பார். நண்பகல் உணவு என்பது பெரும்பாலும் இல்லை. இரவு அறைக்குத் திரும்பினால், நண்பர் ஒருவர் தந்த அப்பளத்தைப் பொரித்துத் தின்றுவிட்டு மீண்டும் நூல். அதே ஆண்டுகளில் பம்பாயில் ரமாபாய் வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்தார். அண்ணலின் பட்டங்களில் பாதி அவ்வம்மையாருக்கு உரியது எனினும் மிகையாகாது.

1921இல் எம்.எஸ்ஸி. பட்டம் வந்தது. 1922இல் பாரிஸ்டர் ஆனார். அவ்வாண்டின் இறுதியில் ‘ரூபாயின் சிக்கல்’ என்னும் ஆய்வேட்டை டி.எஸ்ஸி. பட்டத்திற்காகச் சமர்ப்பித்தார். ஆய்வாளர்கள் அதனை அப்படியே ஏற்காமல், சில பகுதிகளை மாற்றி எழுதுமாறு பணித்தனர். கையில் பணமோ தீர்ந்துவிட்டது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, இங்கிருந்தபடியே திருத்தி எழுதி அனுப்பினார். அவ்வாண்டு நவம்பரில் ஏடு ஏற்கப்பட்டது. கொலம்பியாவின் பிஎச்.டி. பட்டம் முறையாக வழங்கப்பட்டதோ 1927ஆம் ஆண்டில்தான். பதினோராண்டு முன்னர் அந்நாட்டை விட்டு வந்த ஒருவர், இடையில் எத்தனையோ இடர்கள் வந்தும், அத்தொடர்பைக் கைவிடாமல் காத்து முடித்த செயல் அது.

தொழிலைத் தேர்ந்த விதம்

இத்தனை பட்டங்களோடு வந்தவருக்கு அரசுப் பணியோ பேராசிரியர் பணியோ கிடைக்காமலிராது. ஆயினும் அவர் வழக்கறிஞர் தொழிலையே தேர்ந்தார். பாரிஸ்டர் படிப்புக்கு 1916லேயே பதிவு செய்திருந்தார் எனக் கண்டோம். பரோடா பட்ட அனுபவம் அம்முடிவை இன்னும் உறுதியாக்கியிருத்தல் வேண்டும். மேலதிகாரியின் மனம் கோணினால் பறிபோகும் பதவியைக் கொண்டு நம் மக்களுக்காக வாய் திறந்து பேச இயலாது. தம் சோற்றைத் தாமே ஈட்டும் தொழிலில் இருப்பவரால் அது இயலும்.

அத்தொழிலும் உடனே கைகொடுத்துவிடவில்லை. வழக்குகளைக் கொண்டு வந்து தரும் சொலிசிட்டர்கள் தீண்டப்படாத வழக்கறிஞரை நாடவில்லை. கீழ்மன்றங்களில் சிறு வழக்குகளை எடுத்தும், 1925 முதல் 1928 வரை கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்றில் வணிகச் சட்டம் கற்பித்தும் குடும்பத்தை நடத்தினார். 1926இல் பிராமணரல்லாத தலைவர்கள் மீது பூனாவில் தொடரப்பட்ட அவதூறு வழக்கில் வாதாடி வென்ற பின்னரே அவர்தம் பெயர் பரவியது. இதற்கிடையில் 1924 ஜூலை 20இல் ‘பகிஷ்கிருத் இதகாரிணி சபை’யை நிறுவி, 1925இல் சோலாப்பூரில் நம் மாணவருக்கென விடுதி ஒன்றைத் திறந்தார். தமக்கே வருவாய் நிலைபெறாத காலத்தில் பிறர் பிள்ளைகள் தங்கிப் படிக்க இடம் தேடினார் என்பது கருதத்தக்கது.

அவர் கற்ற கல்வி எங்கெல்லாம் பயன்பட்டது என்பதற்குச் சான்றுகள் பல. ரூபாய் பற்றிய ஆய்வு, 1925இல் நாணய ஆணையத்தின் முன் சான்றுரைக்க உதவியது. சட்டக் கல்வி, 1935இல் பம்பாய் அரசுச் சட்டக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும், 1947இல் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைமையையும் தந்தது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்த நாளில், 1944ஆம் ஆண்டு, தாழ்த்தப்பட்ட மாணவருக்கு மெட்ரிக் படிப்பிற்குப் பிந்திய கல்விக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை அமைத்து, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியை நிறுவினார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகையால் படித்தவர் ஒரு கல்லூரியையே கட்டினார்.

அவருக்குப் பின் வந்தோர்

அண்ணல் பயின்ற அதே இலண்டன் பொருளியற் பள்ளிக்கு, 1945இல் மற்றோர் இளைஞர் சென்றார். கேரளத்து உழவூரில் பிறந்து, நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்து பள்ளி சென்ற கே.ஆர். நாராயணன் அவர். 1943இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய எம்.ஏ. தேர்வில் முதலிடம் பெற்ற அவர், சில காலம் நாளிதழ்களில் செய்தியாளராகப் பணிபுரிந்தார். பின்னர் டாட்டா உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று பேராசிரியர் லாஸ்கியிடம் பயின்றார். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, 1997இல் குடியரசுத் தலைவரானார். தமிழகத்திலோ, என். சிவராஜ் அவர்கள் சட்டம் பயின்று, சென்னைச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, 1942இல் அகில இந்தியப் பட்டியலினக் கூட்டமைப்பின் தலைவரானார்; 1945இல் சென்னை மேயருமானார். வழிகள் வெவ்வேறாயினும், பட்டத்தை முடிவாகக் கொள்ளாமல் அடுத்த படிக்குரிய கருவியாகக் கொண்டதில் இவர்கள் ஒத்திருக்கின்றனர்.

இளைஞர்க்கும் சங்கத்தார்க்கும்

தலைமையாசிரியனாக இருந்து நான் கண்டவற்றுள் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. அறிவுக் குறைவால் நின்றுபோன பிள்ளைகள் மிகச் சிலரே. விண்ணப்பத்திற்குரிய கடைசி நாள் தெரியாமலும், சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் உரிய நேரத்தில் பெறாமலும், இன்ன படிப்பிற்கு இன்ன உதவி உண்டு என்பதைச் சொல்வாரின்றியும் நின்றவர்களே பலர். மெட்ரிக் பிந்திய உதவித்தொகை இன்றும் உள்ளது. வெளிநாட்டில் உயர்கல்வி பயில்வோர்க்கு 1954–55 முதல் நடுவணரசின் உதவித்தொகையும் வழங்கப்பட்டு வருகின்றது. இவற்றைப் பற்றிக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் எத்தனை பேர் அறிவர் என வினவிப் பாருங்கள்.

ஆகவே கல்லூரியில் பயிலும் இளைஞர்களே, முதலாண்டிலேயே ஒரு குறிப்பேட்டில் நான்கு செய்திகளை எழுதி வையுங்கள். நான் அடைய விரும்புவது எது? அதற்கு எத்தனை ஆண்டு ஆகும்? அவ்வாண்டுகளில் உணவிற்கும் கட்டணத்திற்கும் பணம் எங்கிருந்து வரும்? வழி அடைபட்டால் மாற்று வழி யாது? ஆண்டுதோறும் அவ்வேட்டைத் திருத்தி எழுதுங்கள். அண்ணலின் வழி மும்முறை அடைபட்டது. மும்முறையும் அவர் வழியை மாற்றினார், குறிக்கோளை மாற்றவில்லை. மதிப்பெண் குறைந்தமையால் மனம் தளர்வோர் 282 என்னும் எண்ணை நினைத்துக்கொள்க. வேலை கிடைத்தமையால் படிப்பை முடித்துக்கொள்வோர், 450 ரூபாய் சம்பளத்தை விட்டுக் கப்பலேறியவரை நினைத்துக்கொள்க. வீட்டுச் சுமை காரணமாக உடனே வேலைக்குச் செல்ல நேர்பவர்கள், அவர் இலண்டனில் பெற்று வந்த நான்காண்டு அனுமதியை நினைத்து, திரும்பிச் செல்லும் வழியை அடைக்காமல் வையுங்கள்.

நம் சங்கத்தாரும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். கெலூஸ்கர் பாராட்டுக் கூட்டத்தில் நூல் பரிசளித்தார். அவ்வளவோடு இல்லம் திரும்பியிருந்தால் கூட்டத்தினர் கைதட்டியதே மிச்சமாகியிருக்கும். அவர் அம்மாணவரைக் கைப்பிடித்து உதவி கிடைக்கும் இடத்திற்கு அழைத்துச் சென்றார். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேறிய பிள்ளைகளுக்கு நாம் ஆண்டுதோறும் பரிசு வழங்குகின்றோம். இனி வரும் இருபத்தைந்து ஆண்டுகளில், பரிசு பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் சங்க உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்று, அப்பிள்ளை பட்டம் பெற்று ஒரு தொழிலிலோ உயர்கல்வியிலோ கால் ஊன்றும் வரை உடன் நிற்பது என முடிவு செய்வோமாக. விண்ணப்பம் எழுதவும், சான்றிதழ் பெறவும், விடுதி தேடவும் உடன் செல்லப் பெரும் பணம் வேண்டுவதில்லை. படித்த ஒருவரின் சில நாட்கள் போதும். அவ்வாறு உடன் செல்ல இசையும் உறுப்பினர்கள் தம் பெயரை இவ்விழா முடியுமுன்னரே செயலாளரிடம் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கின்றேன். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறும் வேண்டுகின்றேன்.